டூரிங் துரை அனுப்பிய மலர்வளையம்

என் சுகிர்தக்கா, என் ராசாத்தி,

நாகர்கோவிலிலிருந்து கிரேஸ் எழுதுகிறேன். அம்மை சுகமாக இருக்கிறாள். கால் வீக்கம் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓராண்டு நினைவு ஜெபம். வீட்டில்தான் வைக்கிறோம். போதகர் வருவார், சபையில் வேண்டியவர்கள் வருவார்கள். நாற்காலி, சாயா, வடை எல்லாம் சொல்லியாகிவிட்டது.

அதற்கு முன்னால் உன்னிடம் சில சமாச்சாரம் பேச வேண்டும். உன்னை அடக்கம் பண்ணிய நாளில் என்ன நடந்தது என்று உனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? நீ பெட்டிக்குள் இருந்தாய். நான் சொல்கிறேன், கேள்.

நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, வேலை, விட்டுச் சென்ற உறவுகள். உன்னுடையதை நான்தான் எழுதினேன். அம்மை பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டாள். வக்கீல் ஆபீசில் தட்டச்சராகப் பணியாற்றினார், ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார், பாடகர் குழுவில் பாடினார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவ்வளவுதான். உன் ஆயுளை ஒரு மூச்சில் வாசித்து முடித்துவிட்டார்கள்.

டூரிங் துரை என்ற பெயரில் நீ சினிமாவைப் பற்றி எழுதியது அதில் இல்லை. வார இதழை வாங்கினால் முதலில் துரையின் கேள்வி–பதில் பக்கத்தைப் புரட்டுகிற ஜனம் ஊர் ஊராக இருந்ததும் அதில் இல்லை. நான் அந்த வரியை எழுதப் பார்த்தேன். அம்மை பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"சினிமான்னு ஒரு வார்த்த அதுல வரப்பிடாது, கேட்டியா? செத்தவளுக்கு வெக்கம் கெடையாது. நாளைக்குச் சபையில மொகங்காட்டுகது நான்."

போதகர் வாசித்து முடித்தார். பாட்டு தொடங்கியது. அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு ஆளால் தூக்க முடியாத அளவுக்குப் பெரிய மலர்வளையம் இறங்கியது. குறுக்கே ஊதா ரிப்பன், அதில் பொன்னெழுத்து. "கண்ணீருடன், டூரிங் துரை."

பத்திரிகை ஆபீசில் அனுப்பியிருக்கிறார்கள் அக்கா. உன் ரகசியத்தைக் காப்பாற்றுவதில் அவர்களுக்கு அத்தனை கவனம். பத்திரிகையின் பெயரைப் போட்டால் சபையில் கேள்வி வருமே என்று யோசித்து, துரையின் பெயரைப் போட்டுவிட்டார்கள். உன் சாவுக்கு நீயே வளையம் அனுப்பியிருந்தாய். உயிரோடு இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் "யாருட்டி இந்தத் துரை?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்த ஒருத்தியின் பெட்டிமேல் ஒரு ஆம்பிளைப் பெயர். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வருவதற்குள் கதையைக் கட்டி முடித்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளை உள்ளவனாம். அதனால்தான் நேரில் வராமல் வளையத்தை மட்டும் அனுப்பினானாம். போதகர் மெதுவாக வந்து விசாரித்தபோது அம்மை கண்ணிமைக்காமல் சொன்னாள், "டூர் பஸ் விடுகாவ ஐயரே. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்."

சினிமா என்ற வார்த்தை வரக்கூடாது என்று மறைக்கப் போய், உனக்கு ஒரு கள்ளப் புருஷனைக் கட்டி வைத்துவிட்டோம் அக்கா. இந்த ஒரு வருஷமாக அவன் நம் வீட்டில்தான் இருக்கிறான்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் பழையது சொல்கிறேன். நாம் அருமனையில் இருந்த காலம். அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். வீட்டில் சினிமாப் பாட்டை முணுமுணுத்தாலே பிரம்பு இறங்கும். நீ டைப்ரைட்டிங் வகுப்புக்கு என்று மார்த்தாண்டத்துக்குப் போனாய். விரலில் மை இருக்கும், தலையில் தியேட்டர் பீடிப் புகை மணக்கும். அம்மைதான் அப்பா வருவதற்குள் உன்னைத் தலைமுழுகச் சொல்வாள். அவளுக்கு அப்போதே தெரியும். அவள் பொய் சொல்லப் பழகியது உன்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான், அதை நான் மறக்கவில்லை.

ஒரு படத்தைக் கிழி கிழி என்று கிழித்து வார இதழுக்கு வாசகர் கடிதம் எழுதினாய். உன் பெயரைப் போட முடியாது. டூரிங் கொட்டகையை நினைத்து ஒரு பெயர் வைத்தாய். அந்த இதழின் பழைய ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, 'துரை அவர்களே, தொடர்ந்து எழுதுங்கள்' என்று, நீ கொடுத்திருந்த முகவரிக்கு, நீ சாயா குடிக்கப் போகிற ஓட்டலின் முகவரிக்கு, கார்டு போட்டார். உன் உத்தியோகம் அப்படி ஆரம்பித்தது.

அப்புறம் துரைக்குப் பேட்டி எடுக்கச் சொல்லி வேலை வந்தது. நம் பக்கம் படப்பிடிப்புக்கு வராத கம்பெனி உண்டா? முட்டம் கடற்கரை, திற்பரப்பு அருவி, கீரிப்பாறை ரப்பர் காடு. நீ காட்டன் சேலை கட்டி, குடையும் டேப் ரெக்கார்டருமாகப் போய் நிற்பாய். "துரை சார் அனுப்பினார். நான் அவருக்கு டைப் அடிக்கிறவள்." இதுதான் நீ சொல்கிற ஒரே பொய். அந்தப் பொய்க்கு எத்தனை உண்மை கிடைத்தது! பத்திரிகைக்காரன் வந்தால் பவுடர் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள், டைப்பிஸ்ட் அம்மாவிடம் மனசைத் திறந்து பேசினார்கள். நனைந்த சேலையோடு பாறைமேல் நடுங்கிக்கொண்டிருந்த குரூப் டான்ஸ் பிள்ளைகள் உன் குடைக்குள் வந்து நின்றார்கள். அவர்கள் சாப்பிட்டார்களா, எங்கே படுத்தார்கள் என்று நீ எழுதினாய். கதாநாயகன் பெயர் அந்தக் கட்டுரையில் கடைசி வரியில்தான் வந்தது. அந்தத் தைரியம் அப்போது எந்தத் துரைக்கு இருந்தது?

கேள்வி–பதில் பக்கத்தில் நீ இன்னொரு ஆள். 'வில்லன்கள் ஏன் எப்போதும் வெள்ளை ஷூ போடுகிறார்கள்?' என்று ஒருவர் கேட்டதற்கு, 'கதாநாயகன் மிதித்தது பின்வரிசைக்கும் தெரிய வேண்டாமா?' என்றாய். 'துரை சார், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். 'இடைவேளை வரை பார்த்தேன், எழுந்து வந்துவிட்டேன்' என்று பதில் போட்டாய். அதைப் படித்த அன்று நான் சிரித்தேன். இப்போது படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. அந்த இடைவேளை வரை உன்கூட இருந்தது யார் அக்கா? என்னிடம்கூட நீ சொல்லவில்லையே.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உனக்குக் குரல் போன பிறகு, கேள்வியை வாசித்துக் காட்டிவிட்டு நானே ஒரு பதில் சொல்வேன். சரி என்றால் கையை அசைப்பாய், மட்டம் என்றால் கண்ணை மூடிக்கொள்வாய். நீ அதிகமும் கண்ணை மூடிக்கொண்டாய். நான் கணக்கு டீச்சர். எனக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

அடக்கம் முடிந்த வாரமே பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். இவர் பழையவர் இல்லை, அவருடைய மகன். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், துரை சார் போயிட்டார்னு இப்ப சொன்னா தாங்காது. ஒரு மாசம் மட்டும் நீங்க எழுதுங்க. அப்புறம் நானே அறிவிச்சிடறேன்."

அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தியேட்டருக்குப் போகிறேன் அக்கா. எனக்கு இரைச்சல் ஆகாது, இருட்டு ஆகாது. கத்தியும் ரத்தமுமாக ஒன்று வரும், கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்ப்பேன். போன மாசம் என் வகுப்புப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். "டீச்சர், நீங்களுமா!" என்று ஒரே கூச்சல். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு ஆம்பிளை எப்படி நக்கல் பண்ணுவான் என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். அம்மை அடுத்த அறையில் வேதம் வாசிக்கிற சத்தம் கேட்கும்.

நிறுத்திவிடலாமே என்று நீ கேட்பாய். நிறுத்தினால் துரை செத்துவிடுவான். உன் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு பக்கம்தான். தொடர்ந்து எழுதினாலோ, நீ செத்ததே நடக்காத மாதிரி ஆகிவிடுகிறது. ஊரில் யார் செத்தாலும் துரை அஞ்சலி எழுதுகிறான். நகைச்சுவை நடிகருக்கு எழுதினான், பின்னணிப் பாடகிக்கு எழுதினான். உனக்கு மட்டும் எழுத முடியாது. ஏனென்றால் உன்னைத் துரைக்குத் தெரியவே தெரியாது.

அம்மைக்குத் துரை இல்லாத சுகிர்தா வேண்டும். ஆசிரியருக்குச் சுகிர்தா இல்லாத துரை வேண்டும். நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் கேட்கிறார், "ஏன் கிரேஸ் ஒன் சத்தம் ஒரு மாதிரி இருக்கு?" ஜலதோஷம் என்று சொல்கிறேன். எத்தனை மாசத்துக்கு ஒரே ஜலதோஷம்?

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். போன வாரம் நடந்ததைக் கேள்.

ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். இப்போது எல்லாரும் படிப்பதைவிடப் பார்ப்பதுதான் அதிகமாம். அதனால் துரையை வீடியோவில் கொண்டுவரப் போகிறார்களாம். துரை கேமரா முன்னால் உட்கார்ந்து வாசகர் கேள்விக்குப் பதில் சொல்வாராம். "யார் துரை?" என்று கேட்டேன். "அதுக்கு ஒருத்தரைப் பாத்துட்டோம் மேடம். நாடக நடிகர். உங்ககிட்ட அனுப்பறேன், பேச்சு வழக்கெல்லாம் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார்.

வந்தார். சிவகுரு என்று பெயர், சேலத்துக்காரர். நரைத்த மீசை, தொப்பி, கதர் ஜிப்பா. உன் எழுத்தைப் படித்து ஜனங்கள் மனசில் எந்த ஆளை வைத்திருப்பார்களோ, அச்சு அசல் அந்த ஆள். நல்ல மனுஷன், கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல 'கேட்டியா'ன்னு எங்க சேர்ப்பீங்கம்மா? முன்னாடியா, கடைசியிலயா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் கேட்டார், "துரை சார் எப்படிச் சிரிப்பாரு?"

நான் யோசிக்காமல் சிரித்துக் காட்டினேன். உனக்கு முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும், கடைசியில் மூக்கை உறிஞ்சுவாய். அதை அப்படியே செய்தேன். அவரும் தோளைக் குலுக்கிப் பார்த்தார். சரியாக வந்தது அக்கா. அந்த மீசைக்குக் கீழே உன் சிரிப்பு. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் பயந்துபோய், "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். என் அக்கா என்றேன். செத்துப்போனாள் என்றேன். அவருக்கு ஆபீசில் அதைச் சொல்லவே இல்லை. துரை சார் கூச்ச சுபாவம், வெளியே வரமாட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் செத்தவங்க வேஷம் நெறைய போட்டிருக்கேம்மா. ராசா, மந்திரி எல்லாம். ஆனா அவங்க செத்துட்டாங்கன்னு பாக்கறவங்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு, "வேண்டாம்னு சொல்ற நெலமையில நான் இல்ல. மன்னிச்சுக்கங்க" என்றார். அந்த மனுஷனைக் கோபித்து என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு தங்கம்மை கறிவேப்பிலை கேட்டு வந்தாள். சபையில் முதல் பெஞ்சில் உட்காருகிற அதே தங்கம்மைதான். சிவகுருவை மேலும் கீழும் பார்த்தாள். அழுது வீங்கின என் கண்ணையும் பார்த்தாள்.

"இவியதானா அந்தத் துரை?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மை உள்ளேயிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். "ஆமா தங்கம்மே. பஸ்காரத் தொரைதான். துட்டி வெசாரிக்க வந்தாவ. சாயா குடிச்சிட்டு இப்பம் போயிருவாவ" என்றாள். சிவகுரு என்னைப் பார்த்தார், அம்மையைப் பார்த்தார், பிறகு எழுந்து நின்று தங்கம்மையைக் கும்பிட்டார். தொழில்காரர் அல்லவா, கொடுத்த வேஷத்தைச் செய்துவிட்டார்.

சினிமா வாசல் மிதிக்காத நம் அம்மை ஒரு நடிகருக்கு வேஷம் கொடுத்து, வசனமும் சொல்லிவிட்டாள். தங்கம்மை கறிவேப்பிலையை மறந்துவிட்டு ஓட்டமாகப் போனாள். இந்நேரம் துரைக்கு மீசை முளைத்த செய்தி சபை முழுக்கப் போயிருக்கும். வீடியோ வெளிவந்தால் கேட்கவே வேண்டாம். 'சுகிர்தா கூட இருந்தானே, அவன் டிவியிலயும் வருகான்' என்பார்கள். நீ எழுதியதெல்லாம் அந்த மீசைக்குப் போய்விடும். உனக்கு மிச்சம் அவனுடைய கள்ளத் தொடுப்பு என்ற பெயர்தான்.

அன்றைக்கு அவர் போன பிறகு அம்மையிடம் நான் முதன்முதலாகக் குரல் உயர்த்தினேன். "ஞாயித்துக்கிழம ஜெபத்துல நான் குறிப்பு வாசிக்கப் போறேன். உள்ளத எழுதி வாசிக்கப் போறேன்" என்றேன்.

"ஏட்டி, அப்பன் பேரு என்னத்துக்கு ஆவும்?"

"அவ பேரு என்னத்துக்கு ஆயிருக்குன்னு பாத்தியளா? ஊர்ல என்ன சொல்லுகாவன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அம்மை கம்பின் முனையால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "தெரியும். ஒருத்தன் கூட இருந்தான்னு சொன்னா நாலு நாள் பேசுவாவ, பொறவு மறந்துருவாவ. சினிமாக்காரின்னா கல்லறையில எழுதுன மாதிரி, மாயாது. எனக்க பிள்ளைய எனக்குத் தெரியும், அது போதும். நீ அத வாசிச்சா நான் எழும்பி உள்ள போயிருவேன். சபைக்கு முன்னால எழும்பிப் போவேன், பாத்துக்க."

அவள் சொன்னால் செய்வாள். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. உனக்காக ஒரு வார்த்தை சொன்னால் பெற்றவளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும். அவளுக்காக வாயை மூடினால் நீ இன்னொரு தடவை மண்ணுக்குள் போக வேண்டும். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உனக்கு இப்படி எத்தனை வருஷம் இறங்காமல் இருந்திருக்கும் அக்கா? ஒரு தடவைகூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா?

இந்த வாரத்துக் கேள்விகள் வந்திருக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 'துரை சார், கொஞ்ச நாளாக உங்கள் பதில்களில் பழைய சிரிப்பு இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?' சும்மா நலம் விசாரித்திருக்கிறார், பாவம். இதற்கு நான் என்ன எழுத? ஜலதோஷம் என்றா?

இந்தக் கடிதம்தான் அவருக்குப் பதில். துரை பக்கத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று பழைய ஆசிரியர் போட்டு வைத்த வழக்கம் இன்னும் இருக்கிறது. கடைசி நேரத்தில் வரும், வந்தது வந்தபடி அச்சுக்கு ஏறும். நானும் கடைசி நேரத்தில்தான் அனுப்பப் போகிறேன். ஐயா, தூத்துக்குடிக்காரரே, டூரிங் துரை போன வருஷம் இறந்துவிட்டார். அவர் பெயர் சுகிர்தபாய். அருமனையில் பிறந்து நாகர்கோவிலில் வாழ்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ குரல் பாடுவார், உங்களைச் சிரிக்க வைத்தது அவர்தான். ஒரு வருஷமாகச் சிரிக்க வைக்கத் தெரியாமல் எழுதியது நான். சிவகுரு ஐயா, உங்களுக்கு இதனால் வேலை போனால் என்னை மன்னித்துவிடுங்கள். வேறு வழி தெரியாமல்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

அக்கா, இனி உன்னிடம் ஒரு வாக்கு. ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெபித்து முடித்ததும் நான் எழும்பி நிற்பேன். உன் பெயரைச் சொல்லி, சினிமாப் பத்திரிகையாளர் என்று வாசிப்பேன். அந்த இடத்தில் அம்மை எழும்புவாள். நான் தாளைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டிலில் இருத்தி, காலுக்குத் தலையணை வைத்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வாசிப்பேன். கதவைச் சாத்த மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கிரேஸ்